கார் ஷெட் என்று எழுத மாட்டேன்

பிளான் போடும் தொழிலுக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எனக்கு நல்ல வார்த்தை அவ்வளவாக வராது. சண்டைதான் வரும். ஓசூரில் தனியாக மேஜை போட்டு உட்கார்ந்த நாள் முதல் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். அதில் ஒரு சண்டையைச் சொல்கிறேன். வீட்டோடு ஒரு பட்டறை கட்ட ஆசைப்படும் ஆள் உங்கள் முன்னால் வந்து உட்காரும்போது இது ஞாபகம் வந்தால் போதும்.

எண்பதுகளில் எங்கள் ஊர்ப் பிளான்களை மட்டும் வாங்கிப் பார்த்திருந்தால், தமிழ்நாட்டிலேயே அதிகமாகக் கார் வைத்திருந்தவர்கள் நாங்கள்தான் என்று நினைத்திருப்பீர்கள். எந்த வீட்டுப் பிளானை எடுத்தாலும் ஓரத்தில் ஒரு கட்டம், அதற்குள் 'கார் ஷெட்' என்று அழகான எழுத்து. ஆனால் தெருவில் இறங்கி நடந்தால் சைக்கிள் இருக்கும், எங்காவது ஒரு மொபெட் நிற்கும். ஷெட்டுக்குள்ளே இரும்பைக் கடையும் லேத்தும் டிரில்லிங் மெஷினும் ஓடிக்கொண்டிருக்கும். தொழிற்பேட்டை வந்த பிறகு பெரிய கம்பெனிகள் சின்னச் சின்ன வேலையை வெளியே கொடுக்க ஆரம்பித்தன. லேத் ஓட்டுவதில் கைதேர்ந்த டர்னர்கள் எல்லாம் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு கூரையைப் போட்டு அந்த வேலையை எடுத்துச் செய்தார்கள்.

பட்டறை என்று எழுதினால் கேள்வி வரும், கார் ஷெட் என்று எழுதினால் வராது. ஊர் வழக்கம் அவ்வளவுதான். அதனால் எங்கள் தொழிலில் எல்லோரும் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு தாள் வரைவார்கள். ஒன்று பிளான் பாஸ் பண்ணும் ஆபீஸுக்கு. அதில் வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் விதிப்படி இடைவெளி, அதாவது சந்து, இருக்கும், கார் ஷெட் இருக்கும். இன்னொன்று மேஸ்திரிக்கு. அதில் இடைவெளி இருக்காது, பட்டறை காம்பவுண்டுச் சுவரில் போய் முட்டி நிற்கும்.

இதில் எனக்கு ஆத்திரம் வந்தது எதனால் தெரியுமா? வீட்டோடு சின்ன மோட்டார் வைத்துத் தொழில் செய்ய விதியிலேயே இடம் இருந்தது. மோட்டார் சக்திக்கு ஒரு வரம்பு, சுற்றிலும் இடைவெளி, அக்கம்பக்கத்தாருக்கு இடைஞ்சல் கூடாது. இவ்வளவுதான் கேட்டார்கள். நேர் வாசல் திறந்து கிடக்கும்போது எல்லோரும் வரிசையில் நின்று சுவர் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

டிப்ளமோ முடித்து நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்திலும் இரண்டு தாள்தான். ஒருநாள் என் முதலாளி ஒரு பிளானை நீட்டி, "இந்தச் சந்து இடத்த மேஸ்திரி தாள்ல எடுத்துடும்மா" என்றார்.

"எடுக்கிறதுக்கு எதுக்கு சார் ஆபீஸ் தாள்ல போட்டோம்?"

"அது ஆபீஸுக்கு."

"அப்ப ஆபீஸ்தான் அந்த வீட்டுல குடியிருக்கப் போவுதா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பொம்பளப் புள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது. தனியா கடை போட்டுப் பாரு. ஒரு மாசத்துல நீயே திரும்பி வருவே" என்றார். நான் திரும்பிப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு டீக்கடைக்கு மேல் மாடியில் அறை பிடித்து, 'ஒரே தாள்' என்ற பெயரை ஊரில் வாங்கிக்கொண்டேன். கேலியாக வைத்த பெயர்தான். எனக்குப் பிடித்திருந்தது.

அந்த மாடிப்படி ஏறி வந்தவர்கள்தான் மாதேஷும் சுசீலாவும். ஜவளகிரிப் பக்கத்துக்காரர்கள். மாதேஷ் ஒரு கம்பெனியில் டர்னர். சங்கத்தின் ஒரு கோரிக்கை மனுவில் கையெழுத்துப் போட்டதற்காக வேலை போய்விட்டது. கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஒரு பழைய லேத் வாங்கி, உறவினர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் நிறுத்தியிருந்தார்கள். வேறொரு கம்பெனியின் ஸ்டோர்ஸ்காரர் புஷ் என்கிற சின்ன உருளை வளையங்களைக் கடைந்து கொடுக்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை, தை முடிவதற்குள் சொந்த ஷெட்டும் கரண்ட் கனெக்‌ஷனும் இருக்க வேண்டும். இல்லையென்றால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும். கனெக்‌ஷன் வேண்டுமானால் பிளான் பாஸாக வேண்டும்.

"இது கெடைக்கலன்னா லேத்த வித்துட்டு ஊருக்கே போயி ராகி வெதைக்க வேண்டியதுதாங்க" என்றார் மாதேஷ். "எல்லாரும் போடற மாதிரி காம்பவுண்டு வரைக்கும் இழுத்து ஒரு கார் ஷெட் போட்டுக் குடுத்துடுங்க."

"கார் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப கார் ஷெட் போட மாட்டேன். லேத் ஷெட் போடறேன்."

மாதேஷ் எழுந்தே விட்டார். சுசீலாதான் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

மறுநாள் அவர்கள் வீட்டு மனையை அளக்கப் போனேன். சந்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது காம்பவுண்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை எழுந்தது. பக்கத்து வீட்டு நாகரத்னம்மா. தெலுங்குக்காரர், கணவர் இல்லை, மகளும் மருமகனும் உடன் இருந்தார்கள்.

"இன்னொரு கார் ஷெட்டா?" என்றார். "அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணா? எங்க மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட்டும்மா. பகல்ல நித்ர லேது, தூங்கவே முடியல. சுவரே தடதடன்னு ஆடுது. கண்ணு ரெண்டும் மொளகாப்பழம் மாதிரி வெச்சுக்கிட்டு வேலைக்குப் போறான். மெஷின்ல கைய வெச்சுட்டா யாரு பதில் சொல்றது?"

அவர் வீட்டின் இன்னொரு பக்கம் ஏற்கெனவே ஒரு 'கார் ஷெட்' சுவரை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆபீஸுக்குப் போய்ப் புகார் கொடுத்திருக்கிறார். அவர்கள் பிளானை எடுத்துப் பார்த்துவிட்டு, "அங்க இருக்கறது கார் ஷெட்தாம்மா, மெஷினே கிடையாதே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

எங்கள் ஊரில் எந்த நேரத்தில் பார்த்தாலும் பாதித் தெரு தூங்கிக்கொண்டிருக்கும். ஷிப்ட் ஊர் அப்படித்தான். சந்து என்றால் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் என்று படித்திருந்தேன். அன்றைக்குத்தான் அது அடுத்த வீட்டு ஆளின் தூக்கத்துக்கும் என்று எனக்கு உறைத்தது. ஆகவே சந்தைத் தொடக்கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பட்டறையைக் கொல்லைப்பக்கம் தள்ளினேன். இரண்டு பக்கமும் பின்னாலும் இடைவெளி விட்டபிறகு மிஞ்சியது சதுரமாக ஒரு அறை. அங்கேதான் சிக்கல். லேத் மட்டும் நின்றால் போதாது. புஷ் வேலைக்கு நீள இரும்பு ராடை லேத்தின் தலைக்குள் செருகி, பின்பக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க விடுவார்கள். மெஷின் ஓடும்போது அதுவும் சேர்ந்து சுற்றும். சுவரோரம் நேராக வைத்தால் நீளம் போதாமல் ராடு சுவரில் இடிக்கும். "சுவத்துல ஒரு ஓட்டை போட்டு சந்துல நீட்டிக்கலாங்க" என்றார் மாதேஷ். ஆள் நடமாடும் சந்தில் ஒரு ராடு சுற்றிக்கொண்டிருந்தால் யாருடைய புடவையாவது மாட்டும். முடியாது என்றேன். ராத்திரி யோசித்து, லேத்தை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குச் சாய்வாக வரைந்தேன். ராடுக்கு இடம் கிடைத்துவிட்டது.

தாளைப் பார்த்த மாதேஷ் முகத்தைச் சுளித்தார். "சொந்தமா வெக்கற மொத மெஷின். அதைப் போயி கோணலா வெச்சா தொழில் வெளங்குமா?"

"மெஷின நேரா நிறுத்தி வெச்ச கம்பெனிதானே உங்கள வெளிய தள்ளுச்சு?" என்றார் சுசீலா. "கோணலாவே இருக்கட்டும்."

கட்டத்துக்குள் 'லேத் ஷெட்' என்று, கொஞ்சம் பெரிதாகவே எழுதி ஆபீஸில் கொடுத்தேன். பிளான் பார்க்கும் அதிகாரி கெட்டவர் இல்லை. பயந்தவர். தாளை விரித்தவர் பாம்பைக் கண்டமாதிரி கையை எடுத்துக்கொண்டார்.

"ஏம்மா, கார் ஷெட்னு மாத்திக் கொண்டா. இன்னிக்கே போட்டுத் தர்றேன்."

"கார் இல்லீங்களே சார்."

"ஊர்ல யாருக்கும்மா கார் இருக்கு?"

விதியைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். மோட்டார் வரம்புக்குள் இருக்கிறது, இடைவெளி இருக்கிறது, எங்கே தப்பு என்று கேட்டேன். தப்பு இல்லை என்று அவருக்கும் தெரியும். "இதுவரைக்கும் யாரும் இப்படி எழுதிக் கொண்டுவந்தது இல்லை. நான் முதல் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கணுமா?" என்றார். தாள் திரும்பி வந்தது. மறுபடி கொடுத்தேன். மறுபடி வந்தது. பொங்கல் முடிந்து தை ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மாதேஷ் மாடிப்படியைத் தடதடவென்று ஏறி வந்தார். நின்றபடியே பேசினார்.

"உங்க வைராக்கியத்துக்கு எங்க வயிறுதான் கெடைச்சுதாங்க? ஒரு தடவ நேர்மையா கையெழுத்துப் போட்டேன். வேலை போச்சு. இப்ப நீங்க நேர்மையா எழுதறீங்க, ஷெட்டும் போவப்போவுது. கர்நாடகா பார்டர் தாண்டி அத்திப்பள்ளியில யாரும் எதுவும் கேக்க மாட்டாங்களாம், அங்கயே போயிருக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த மனிதர் சொன்னதில் நியாயம் இருந்தது. தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். நம்முடைய பிடிவாதத்துக்கு விலை கொடுப்பது நாமாக இருந்தால் எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம். வீட்டுக்காரர் கொடுக்கும்போது ஒரு நிமிடம் நின்று யோசிக்கத்தான் வேண்டும். யோசித்தேன். ஒரே வார்த்தையை மாற்றினால் சாயங்காலத்துக்குள் பாஸ். பேனாகூட மேஜையில்தான் இருந்தது. ஆனால் நாகரத்னம்மா சொன்ன மருமகனுடைய சிவந்த கண் நினைவுக்கு வந்தது. தாளில் மெஷின் இல்லையென்றால் அவர்கள் யாரிடமும் போய்க் கேட்க முடியாது. பேனாவைத் தொடவில்லை. மாதேஷ் நேராக என் பழைய முதலாளியிடம் போய்விட்டார்.

அடுத்த நாள் சுசீலா மட்டும் வந்தார். கையில் புதுத் தாள். காம்பவுண்டு வரை இழுத்த கார் ஷெட், என் பழைய முதலாளியின் கையெழுத்து.

"அக்கா, இதைக் குடுத்தா உடனே பாஸ் ஆயிடுமாம். அவரு வாங்கிட்டு வந்துட்டாரு. நாந்தான் எடுத்துக்கிட்டு வந்துட்டேன். கார் ஷெட்னு எழுதிட்டு, ஆயுசு பூரா கதவைச் சாத்திக்கிட்டு லேத் ஓட்டணும். யாராச்சும் வாசல்ல கூப்பிட்டா யாரோ எவரோன்னு பதறணும். பக்கத்து வீட்டம்மா மொகத்தப் பாக்க முடியாது. கம்பெனியில பயந்து பயந்து இருந்தது போதாதா? சொந்த வீட்டுலயுமா?"

"அவரு என்ன சொல்றாரு?"

"கத்துவாரு. நான் பாத்துக்கறேன். நீங்க ஆபீஸைப் பாருங்க."

என் தாளைச் சுருட்டி எடுத்தேன். சுசீலாவைக் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்கே போனேன். அதிகாரி எங்களைப் பார்த்ததும் தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். "பக்கத்து வீட்டுக்காரங்க சம்மதம் இருந்தா பாக்கலாம். அந்தம்மா ஏற்கெனவே புகார் பண்ணின ஆளு. அவங்க ஒத்துக்கிட்டா கூட்டிட்டு வாங்க" என்றார். நாகரத்னம்மா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

நாங்கள் நேராக நாகரத்னம்மா வீட்டுக்குப் போனோம். தாளை அவர் வாசலிலேயே விரித்தேன். சந்து அப்படியே இருப்பதையும் பட்டறை கொல்லையில் தள்ளி இருப்பதையும் காட்டினேன். அவர் விரலை ஓட்டிக்கொண்டே வந்து கட்டத்துக்குள் இருந்த எழுத்தில் நிறுத்தினார். தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

"லே... லேத்துன்னா எழுதியிருக்கு?"

"ஆமாம்மா."

"கார்னு எழுதலியா?"

"இல்லம்மா."

அந்த எழுத்தை மறுபடி விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சுசீலாவைப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட் வர்ற வாரம், மத்தியானத்துக்கு மேலதான் ஓட்டணும். அதையும் இதுல எழுதச் சொல்லு" என்றார்.

சுசீலா என்னைப் பார்த்தார். பிளானில் மருமகன் தூக்கத்தை எழுதிய வழக்கம் எங்கும் கிடையாது. இடைஞ்சல் கூடாது என்று விதி சொல்கிறது, எப்படி என்று சொல்லவில்லையே! தாளின் ஓரத்தில் குறிப்பாக எழுதினேன்: பக்கத்து வீட்டார் இரவு ஷிப்ட் செல்லும் வாரங்களில் மெஷின் மதியத்துக்கு மேல் மட்டும்.

நாங்கள் மூன்று பெண்களும் ஆபீஸுக்குள் நுழைந்ததைப் பார்த்து அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். நாகரத்னம்மா யாரும் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அம்மா, அது லேத். சத்தம் போடும். தெரிஞ்சுதான் ஒத்துக்கறீங்களா?" என்றார் அதிகாரி.

"சார், அந்தப் பக்கம் ஒரு கார் ஷெட் இருக்குதே, அதுல மெஷினே இல்லன்னு போன தடவ நீங்க சொன்னீங்க. பேப்பர்ல இல்லாத மெஷினு எங்க மாப்பிள்ள தூக்கத்த மட்டும் எப்படி சார் கெடுக்குது?"

பக்கத்து மேஜைக்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள்.

"இதுல லேத்துன்னே எழுதியிருக்கு. நாளைக்கு இந்தப் பொண்ணு வீட்டுக்காரன் சொன்ன நேரத்தை மீறினா நான் வந்து கேக்கலாம். நீங்களும் இல்லைன்னு சொல்ல முடியாது. அதுக்குத்தான் ஒத்துக்கறேன். எங்க போடணும் கையெழுத்து?"

தெலுங்கில் கையெழுத்துப் போட்டார். அதிகாரி ஓரக் குறிப்பைத் திரும்பத் திரும்பப் படித்தார். "மருமகன் தூக்கத்தை எல்லாம் பிளான்ல எழுதறே. நாளைக்கு ஊரே லேத் ஷெட்னு எழுதிக்கிட்டு வரும்மா" என்றார்.

"வரட்டும் சார்."

கையெழுத்துப் போட்டார். தை முடியும் முன்னே ஷெட்டும் எழும்பி, கனெக்‌ஷன் வந்தது. காலியாக விட்ட அதே சந்து வழியாக, இரும்புக் குழாய்களைக் கீழே போட்டு லேத்தை உருட்டிக்கொண்டு போனார்கள். மாதேஷ் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு டம்ளர் காபி மட்டும் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனார். கோபம் முழுதாகத் தீரவில்லை என்று தெரிந்தது. நான் அதை மதித்தேன்.

சில வருஷம் கழித்து, மேலிடத்திலிருந்து ஒரு குழு வந்து கட்டடங்களைப் பரிசோதிக்க ஆரம்பித்தது. வெளியூர் ஆட்கள். யாரையும் தெரியாது, எந்த வழக்கமும் தெரியாது. பிளானைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "கார் எங்கே?" என்று கேட்டார்கள். தெரு கலங்கிப்போனது. ஒருவர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வாடகைக்கு ஒரு அம்பாசிடர் காரைப் பிடித்துவந்து ஷெட்டுக்குள் தள்ளப் பார்த்தார். உள்ளே லேத் நிற்கும்போது கார் எங்கே போகும்? மூக்கு மட்டும் நுழைந்து நின்றது. நாகரத்னம்மா வீட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஷெட் உட்பட அந்த வரிசையில் பல ஷெட்டுகளுக்குச் சீல் விழுந்தது. கம்பெனிக்குக் கொடுக்கவேண்டிய சாமான்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டன. எனக்குச் சந்தோஷமாக இல்லை. அவர்களும் உழைத்துப் பிழைக்கிறவர்கள்தான். நேர் வாசலை அவர்களுக்குக் காட்டாமல் சுவர் ஏறக் கற்றுக்கொடுத்த எங்கள் தொழில்காரர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

சுசீலா ஆள் அனுப்பி நானும் போய்ச் சேர்ந்த நேரம், குழு மாதேஷ் வீட்டு வாசலில் நின்றிருந்தது. கொல்லையில் லேத் ஓடும் சத்தம் தெளிவாகக் கேட்டது. காலை நேரம். மாதேஷ் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. அந்தக் குழுவின் தலைவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று திறந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க சார்!" என்றார் நாகரத்னம்மா. "மாப்பிள்ளைக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். இந்த ஆளு காலையிலயே ஓட்டறான். அவசர ஆர்டராம். கேளுங்க சார் இவன!"

மாதேஷ் என்னைப் பார்த்தார். தலைவர் பிளானை விரித்தார். 'லேத் ஷெட்'டைப் படித்தார். சந்துக்குள் போய் அளந்து பார்த்துவிட்டு வந்தார். பிறகு ஓரத்தில் இருந்த குறிப்பைப் படித்தார். இரண்டாவது தடவை படிக்கும்போது அவர் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. சீல் வைக்கும் ஆள் அரக்கோடு பின்னாலேயே காத்திருந்தார்.

தலைவர் தாளை மடித்து மாதேஷ் கையில் கொடுத்தார்.

"அந்தம்மா சொல்றது சரிதானே? இப்ப நிறுத்து. மதியத்துக்கு மேல ஓட்டுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

மாதேஷ் உள்ளே போய் மெஷினை நிறுத்தினார். தெரு முழுக்க அமைதி. அந்த வரிசையில் அன்று மதியத்துக்கு மேல் ஓடியது ஒரே ஒரு லேத்துதான். கோணலாக நின்ற லேத்.